மைக் சிலிஞ்சர்

மைக் சிலிஞ்சர் (பிறப்பு: 1971) கனடாவின் ரெஜைனா நகரைச் சேர்ந்த ஐஸ் ஹாக்கி வீரர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 12 அணிகளுக்கு ஆடியவர். வேறு எவரும் இத்தனை அணிகளின் சீருடையை அணிந்ததில்லை.

1989 வீரர் தேர்வில் டெட்ராய்ட் அணி அவரை 11ஆவது ஆளாக எடுத்தது. அங்கே நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை; அதனால் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 1995இல் அனஹைமுக்கு மாற்றப்பட்டார். அதன்பின் வான்கூவர், ஃபிலடெல்ஃபியா, டாம்பா, ஃபுளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. 2003 ஜூலையில் கொலம்பஸ் அவரை டல்லஸுக்கு அனுப்ப, டல்லஸ் அன்றைக்கே ஃபீனிக்ஸுக்குக் கைமாற்றியது!

வேண்டாதவர் என்பதால் நேர்ந்த அலைச்சல் அல்ல இது. ஆட்டத் தொடக்கத்தில் நடுவர் போடும் ரப்பர் வட்டைத் தட்டிப் பறிப்பதில் அவர் வல்லவர்; எதிரணி கோலடிக்காமல் தடுப்பதிலும் நம்பகமானவர். அத்தகைய ஆள் எல்லா அணிக்கும் தேவை.

செயின்ட் லூயிஸ், நாஷ்வில் அணிகளுக்காக ஆடிய 2005–06 பருவத்தில் 32 கோல்கள் அடித்தார். அதுவே அவரது உச்சம். நியூயார்க் ஐலண்டர்ஸ் கடைசி அணி. இடுப்புக் காயத்தால் 2009இல் ஓய்வுபெற்றபோது 1,049 ஆட்டங்களில் 240 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன.

மகன் கோல் சிலிஞ்சரை 2021 தேர்வில் 12ஆவது ஆளாக எடுத்தது, தந்தை ஆடிய கொலம்பஸ் அணிதான்.