டிரில் மாஸ்டரும் சிற்றாறும்

அந்தக் காலத்து டிரில் மாஸ்டர்களில் பலர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகே இந்த ஆசிரியர்களுக்கு முறையான படிப்பு வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குப் பயிற்சியாளரும் அவரே.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான், ‘அன், தே’ என்ற எண்ணிக்கைக்குக் கைகால் அசைத்துப் பழகியவன். லீவுக்குத் தென்காசி வந்தால் சிற்றாற்றில் வேறு பாடம். அண்ணன் குதிப்பதைப் பார்த்துத் தம்பி குதிப்பான்; சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சடுகுடுவும் அப்படித்தான். நானோ யாராவது எண்ணட்டும் என்று கரையிலேயே நின்றேன்.

1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடிக்குத் தங்கம் கிடைத்தபோது அந்தப் பையன்களைத்தான் நினைத்துக்கொண்டேன். பட்டணத்துப் பிள்ளைக்கு எண்ணிக்கை வேண்டும், கிராமத்துப் பிள்ளைக்குக் கூட்டாளி போதும். இரண்டும் சேர்ந்து கிடைத்திருந்தால் நானும் நீந்தியிருப்பேன். இன்றுவரை எனக்குக் குற்றாலத்தில் அருவிக் குளியலோடு சரி.