ஏவலனின் நகைச்சொல்: கட்டியங்காரன் முதல் சட்டித்தலையன் வரை

அறிவியல் புனைகதைச் சித்திரத் தொடர்களில் வரும் எந்திர ஏவலன் மேலைநாட்டிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த பாத்திரம் ஆவான். ஆயினும் தமிழ் வாசகர் அவனை அயலானாகக் கருதவில்லை. அதன் காரணத்தை நம் கூத்து மரபிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆலைகள் சூழ்ந்த சுங்குவார்சத்திரத்தில் பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திற்கு இப்பொருள் ஏற்புடையதே.

'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பே ஊழியத்தைக் குறிப்பது. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம் ஒன்றில் அச்சொல்லை ஆண்டார். அதனை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசெப். 'ரொபோட்டா' என்பது குடியானவர் நிலக்கிழாருக்குக் கட்டாயமாகச் செய்த உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் 'வெட்டி' என்னும் சொல் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. சாப்பெக்கின் செயற்கை மாந்தர் நகைப்புக்குரியவர் அல்லர். அடங்கி உழைத்து, முடிவில் கிளர்ந்தெழுபவர்.

இவ்வச்சத்தை நகையாக மாற்றியவை சித்திரக் கதைகள் எனலாம். இங்கிலாந்தில் 1952இல் தொடங்கிய 'லயன்' வார இதழில் ஆர்ச்சி என்னும் எந்திர மனிதன் தோன்றினான். பேராசிரியர் ரிச்சி அவனைப் படைத்தார். அவர்தம் உறவினன் டெட் ரிச்சியும் நண்பன் கென் டேலும் அவனை உடன் கொண்டு உலகைச் சுற்றினர். தொடக்கத்தில் அவன் தொலைவிலிருந்து இயக்கப்பெற்ற வெறும் இரும்புக்கூடு. பின்னர் வந்த கதைகளிலேயே அவனுக்குப் பேச்சு வாய்த்தது. பேச்சோடு தற்பெருமையும் வந்தது. ஏவலன் நகைச்சுவைப் பாத்திரமானது அவன் வாய் திறந்த பின்னரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை அறிமுகம் செய்து இத்துறைக்கு வழி திறந்தது. 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆர்ச்சியைத் தமிழ் பேச வைத்தது. தன் வலிமையைத் தானே வியந்து பேசும் இவ்விரும்பு ஏவலனுக்கு 'சட்டித்தலையன்' என்னும் செல்லப்பெயர் வழங்கலாயிற்று. இப்பெயர் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. தென்மாவட்டத் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் கோமாளிகள். அங்கும் தலையின் வடிவே பெயராகி நகைக்கு வித்திடுகிறது. பெயரிட்டவர் இதனை எண்ணினாரோ இலரோ, பெயரை ஏற்ற செவிகள் அம்மரபில் பழகியவை.

நம் காஞ்சிப் பகுதியின் தெருக்கூத்து இன்னும் தெளிவான சான்று. திரௌபதியம்மன் விழாக்களின் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் அரசனின் வருகையை அறிவிப்பான். அவன் ஏவியதைச் செய்வான். அந்த அரசனையே எள்ளி நகையாடவும் செய்வான். துரியோதனன் அவையில் பிறர் கூறவியலாததை ஏவலன் கூறிவிடுகிறான். கதைக்குள் நின்றபடியே இன்றைய ஊர்நடப்பையும் அவையோருடன் பேசுகிறான். இவ்வுரிமை ஏவலனுக்குக் கூத்து வழங்கிய கொடை.

சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் வரும் ஜீனோ என்னும் எந்திர நாயும் இவ்வழியினதே. விளையாட்டுப் பொருளாக அறிமுகமாகும் அது நூல் படிக்கிறது, குறும்பாகப் பேசுகிறது, சர்வாதிகார ஆட்சிக்கு எதிராக நிலாவுக்குத் துணை நிற்கிறது. ஆர்ச்சியின் பேச்சு தற்பெருமையோடு நின்றது. ஜீனோவின் பேச்சோ அதிகாரத்தைச் சோதித்தது. கட்டியங்காரனுக்கு மேலும் அணுக்கமானது ஜீனோவே.

கதையில் ஏவலன் பேச்சுப் பெற்றுவந்த அதே காலத்தில், ஆலைக்குள் பேசாத ஏவலன் நுழைந்தான். 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்னும் எந்திரக்கை பணியில் அமர்த்தப்பெற்றது. இன்று நம் வட்டாரக் கார் ஆலைகளிலும் அத்தகைய கைகள் பற்றவைப்பு வேலை செய்கின்றன. அவற்றுக்கு முகமில்லை, தற்பெருமையில்லை, மறுமொழியுமில்லை. அவற்றின் அருகே உழைக்கும் மனிதருக்கோ மறுமொழி உண்டு. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் ஆலைத் தொழிலாளர் நிகழ்த்திய வேலைநிறுத்தத்தில், தம் சங்கம் ஏற்கப்பெற வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. நிர்வாகத்தோடு தம் குரலில் பேசும் உரிமையே அதன் உட்பொருள்.

ஆகவே ஏவலனின் நகைச்சொல்லைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் தகாது. பணிசெய்பவன் பேசலாம், ஏவியவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம் என்பதை நம் மக்கள் கூத்திலும் சித்திரக் கதையிலும் ஒருங்கே ஏற்றுள்ளனர். ஆலைத்தளத்தில் இயந்திரங்களுக்கு வழங்கும் பட்டப்பெயர்களும், பணிமாற்ற வேளையில் பிறக்கும் கேலிமொழிகளும் இதுவரை ஏட்டில் ஏறவில்லை. இவ்வட்டாரத்துக் கவிஞர்கள் அவற்றைத் தொகுப்பார்களாயின், கட்டியங்காரனின் மரபுக்கு நம் காலத்துச் சான்று கிடைக்கும். அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி இதுவென்பது என் விழைவு.