கொடிமலை, தண்ணீர்மலை, கடற்கரை: நம்ம பிள்ளைகள் நடக்கிற பாதையின் கதை

 

பள்ளி விடுமுறை வருது. கோயில் வாட்சாப் குழுவில் வழக்கம்போல ஒரே கேள்வி: பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறது? பேரங்காடிக்குப் போனா பணம்தான் கரையுது. நம்ம பினாங்குக்கு வெளியூர்க்காரன் விமானம் ஏறி வர்றான். வெயில், கடல், மலை, அருவி எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள இருக்கு. காலையில தண்ணீர்மலை ஏறி முருகனைக் கும்பிட்டு, பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் நடந்து, மதியத்துக்கு மேல தெலுக் பாஹாங் கடற்கரைக்குப் போயிடலாம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிப்டு முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இதைத்தான் செய்யிறேன்.

ஆனா ஒரு விஷயம். இந்த இடங்களில் நம்ம ஆளுங்க கதை இருக்கு. எல்லாம் சந்தோஷமான கதை இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்றது கிடையாது. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல கொடிமலை. மலாயில் புக்கிட் பெண்டேரா. மேலே கொடிக்கம்பம் இருந்தது, துறைமுகத்துக்குக் கப்பல் வருதுன்னா அங்கே கொடி ஏத்திக் காட்டுவாங்க, அதனால அந்தப் பேர். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி நட்டார். ரெண்டே வருஷத்தில் இந்த மலைக்கு ஒரு பாதை வெட்டச் சொன்னார். எதுக்கு? ஸ்ட்ராபெரி பயிர் பண்ண. அந்த இடத்துக்கு இன்னைக்கும் ஸ்ட்ராபெரி ஹில்னுதான் பேர். கீழே வெயிலும் காய்ச்சலும் வெள்ளைக்காரனை வாட்டி எடுத்தது. மேலே ஏறக்குறைய ஐந்து டிகிரி குளிர்ச்சி. உடம்பு சரியில்லாதவங்க தங்க பங்களா, கவர்னருக்குத் தனி பங்களான்னு ஒவ்வொண்ணா வந்தது. உல்லாசப் பயணம்னு நாம இன்னைக்கு சொல்றதை அவங்க அப்பவே ஆரம்பிச்சுட்டாங்க.

ஏறிப் போனது எப்படி? துரைமார்கள் குதிரையில் போனாங்க, இல்லைன்னா டோலியில் உட்கார்ந்து போனாங்க. டோலின்னா நாற்காலிக்கு மூங்கில் கட்டி ஆளுங்க தோளில் தூக்குறது. கொடிமலையின் உயரம் 833 மீட்டர். நாம இன்னைக்கு வெறுங்கையோட ஏறினாலே மூச்சு வாங்குது. ஒரு மனுசனை உட்கார வெச்சு தூக்கிக்கிட்டு ஏறினவன் தோள் என்ன ஆகியிருக்கும்?

பாதையையும் ரோட்டையும் போட்டவங்க கதை இன்னும் கனமானது. 1790களிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியாவில் தண்டனை பெற்ற கைதிகளைப் பினாங்குக்குக் கப்பலில் அனுப்பத் தொடங்கியது. 1796ல் அந்தமான் குடியேற்றத்தை மூடினப்போ அங்கிருந்த கைதிகளையும் இங்கே கொண்டு வந்து இறக்கினாங்க. வங்காளம், பம்பாய், மதராஸ் மூணு மாகாணத்து ஆளுங்களும் இருந்தாங்க. கடல் தாண்டினா சாதி போச்சு, ஊர் போச்சு, செத்தாலும் சொந்தக்காரன் கையால் கொள்ளி கிடையாதுன்னு நம்பின காலம் அது. அந்தப் பயம்தான் தண்டனையில் பாதி. கம்பெனிக்கும் அது தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சாங்க.

கைதிகள் சும்மா கூண்டுக்குள்ள உட்காரலை. சதுப்பை வடித்தார்கள், ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள். மலைப்பாதைகளை வெட்டி, மழை அரிச்சதும் மறுபடி சரி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஆறு வகுப்பாகப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. புதுசா வந்தவன் காலில் விலங்கு. வருஷக்கணக்கா ஒழுங்கா நடந்தவனுக்கு விலங்கைக் கழட்டி, மத்த கைதிகளையே மேய்க்கிற வேலை கொடுத்தாங்க. அந்தக் கங்காணிக்கு அவங்க வெச்ச பேர் "டிண்டல்". நம்ம ஊர் தண்டல்தான் அது! எங்க தொழிற்சாலையில் ஆபரேட்டரா வந்தவர் லைன் லீடர் ஆகிற மாதிரின்னு நினைச்சுக்கலாம். ஒரே வித்தியாசம், எங்க ஆளுங்களுக்கு ஷிப்டு முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்.

1873ல் இந்தக் கைதி ஏற்பாடு முழுசா முடிவுக்கு வந்தது. ஊர் திரும்பினவங்க உண்டு. இங்கேயே கல்யாணம் பண்ணி, மாடு வளர்த்து, வண்டி ஓட்டி மண்ணோட கலந்துட்டவங்களும் உண்டு.

அந்தக் காலத்தில் நாடு கடத்தப்பட்டவங்கன்னா திருடனும் கொலைகாரனும்தான்னு நினைச்சுடாதீங்க. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களைப் பத்தி நம்ம எல்லாருக்கும் தெரியும். 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கில் போட்டாங்க. அதுக்கப்புறம் என்ன நடந்ததுங்கிறதை நம்ம பாடப்புத்தகம் அதிகம் சொல்றதில்லை. எஞ்சி இருந்தவங்களில் எழுபதுக்கு மேற்பட்டவங்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் "அட்மிரல் நெல்சன்"ங்கிற கப்பலில் ஏத்தி அனுப்பினாங்க. எங்கேன்னு நினைக்கிறீங்க? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அது வேற எங்கேயும் இல்லை, அப்போ பினாங்குக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரே அதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன். பேர் துரைச்சாமி. சின்ன மருதுவோட மகன். அப்போ வயசு பதினைந்து இருக்கும்னு சொல்வாங்க. நம்ம தேவார வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிற பையன்களோட வயசு.

ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு ஆங்கில அதிகாரி. சண்டை வர்றதுக்கு முன்னாடி மருது குடும்பத்தோட பழகினவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கத்துக் கொடுத்தது சின்ன மருதுதான்னு அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கார். அப்புறம் அதே மருதுக்களை எதிர்த்துப் படையில் நின்னவரும் அவர்தான். 1818ல் அவர் பினாங்குக்கு வந்தார். உடம்பு தளர்ந்து, கிழவன் மாதிரி ஆகிப்போன ஒருத்தர் அவர் முன்னாடி வந்து நின்னார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியலை. யாருன்னு கேட்டார். வந்தவர் கண் கலங்கி, தன் பேரை மட்டும் சொன்னார். துரைச்சாமி. அந்தப் பேரைக் கேட்டதும் நெஞ்சில் கத்தி பாய்ஞ்ச மாதிரி இருந்ததுன்னு வெல்ஷ் எழுதி வெச்சிருக்கார். கணக்குப் போட்டுப் பாருங்க. துரைச்சாமிக்கு அப்போ முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு இளவரசன் கிழவனாயிட்டார், இந்தத் தீவில்.

தாலாட்டு மாதிரி காத்து வீசுற, உலகமே படம் பிடிச்சுப் போடுற இந்த அழகான தீவு, அவங்களுக்குக் கூரை இல்லாத சிறை. இதைப் பிள்ளைகிட்ட சொன்னா பயணம் கசந்துடுமான்னு ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க. கசக்காது. போன தடவை கூட வந்த பையன்களுக்கு துரைச்சாமி கதையைச் சொன்னேன். ஜீப் ரோட்டில் 84ம் நம்பர் ஓய்விடம் வர்றவரைக்கும் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தாங்க. வழக்கமா "இன்னும் எவ்வளவு தூரம் அங்கிள்"தான் கேட்பாங்க.

ரயில் கதை சீக்கிரம் சொல்லிடலாம். 1897ல் ஒரு மலை ரயில் கட்ட ஆரம்பிச்சாங்க, 1906 வரைக்கும் பாடுபட்டும் அது ஓடவே இல்லை. அப்புறம் புது வழியில் கட்டினது 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறந்தது, 1924 ஜனவரி 1ல் அதிகாரபூர்வமா தொடக்கி வெச்சாங்க. ரயில் வந்ததும் டோலிக்கு வேலை போச்சு. நடு ஸ்டேஷனில் இறங்கி வேற வண்டி மாறின அனுபவம் ஐம்பது வயசுக்காரங்க எல்லாருக்கும் இருக்கும். அரை மணி நேரம் ஆகும், ஜன்னல் வழியா காட்டு வாசனை வரும். 2010ல் பழையதை நிறுத்தி, 2011ல் இப்ப இருக்கிற சுவிட்சர்லாந்து வண்டி வந்தது. அஞ்சு நிமிஷத்தில் மேலே. வேகம்தான், ஆனா எனக்குப் பழைய வண்டிதான் பிடிக்கும். மேலே போனா ஐஸ்கிரீம் கடையோட திரும்பிடாதீங்க. அங்கே நம்ம முருகன் கோயில் இருக்கு, பக்கத்திலேயே மசூதி இருக்கு. மலையில் வேலை செஞ்சவங்க கும்பிட்ட இடங்கள்.

இனி தண்ணீர்மலை. தைப்பூசத்துக்குப் படியேறுற நம்மில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. முருகன் முதலில் இந்தக் குன்றில் இல்லை. உள்ளே, தாவரவியல் பூங்கா பக்கம் இருக்கிற அருவிக்கு அருகில் சின்னதா ஒரு கோயில் இருந்தது. அதனாலதான் மலைக்கே தண்ணீர்மலைனு பேர். அந்த அருவி ஊருக்கே உயிர். 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலேயே அங்கிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டு போனாங்க. ஊர் பெருக்கப் பெருக்க தண்ணீர் தேவையும் பெருகிச்சு. நீர்த்தேக்க வேலைக்கு அந்த இடம் வேணும்னு ஆனப்போ, நம்ம கோயிலுக்கு மாற்று இடமா கிடைச்சதுதான் இந்தக் குன்று. 1915ல் முருகன் மேலே குடியேறினார்.

அப்போ கும்பிட்டவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கிறதுண்டு. குளிச்சு ஈர வேட்டியோட சாமி கும்பிட்ட இடத்தை விட்டு எழுந்து போன்னா யாருக்கு வலிக்காது? ஆனா அவங்க உட்கார்ந்து அழலை. இன்னும் உயரத்தில் கட்டினாங்க. 2012ல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனப்போ 513 படி ஏறி வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீங்க.

அந்த அருவிச் சாலையிலேயே நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில் இருக்கு. 1857ல் கட்டினது. காரைக்குடிப் பக்கம் செஞ்சு கொண்டு வந்த வெள்ளித் தேர் 1894லிருந்து தைப்பூசத்துக்கு உலா வருது. ஒரே சாலை, ஒரே முருகன். ஒரு பக்கம் லேவாதேவி நடத்தின செட்டியாரோட வெள்ளித் தேர், இன்னொரு பக்கம் நகராட்சி வேலைக்காரரோட காவடி.

தாவரவியல் பூங்கா 1884ல் தொடங்கினது. சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் உருவாக்கினார். அதுக்கு முன்னாடி அது கருங்கல் உடைச்ச குவாரி. 1910ல் பூங்கா முழுவதையுமே நீர்த்தேக்கமா மாத்த ஒரு திட்டம் போட்டு, 1912ல் கைவிட்டாங்க. கோயில் இடம் மாறிடுச்சு, பூங்கா தப்பிச்சுடுச்சு. உள்ளே நாகலிங்க மரம் இருக்கு, பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்க. பூவுக்குள்ள லிங்கமும் மேலே நாகம் படம் எடுத்த மாதிரியும் இருக்கும். நம்ம சிவன் கோயில்களில் வெச்சுக் கும்பிடுற இந்த மரத்துக்கு சொந்த ஊர் தென் அமெரிக்கா! சாமியே கப்பல் ஏறி வந்த பூவை ஏத்துக்கிட்டார், நாம ஏன் ஒருத்தரை ஒருத்தர் எந்த ஊர்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்னு எனக்குத் தோணும்.

குரங்குக்கு மட்டும் தயவுசெஞ்சு எதுவும் கொடுக்காதீங்க. அனுமார் வாகனம்னு பிரசாத வாழைப்பழத்தைக் கொடுக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அடுத்த குழந்தை கையில் இருக்கிற பையைத்தான் அது பிடுங்கும்.

கடைசியா கடற்கரை. தெலுக் பாஹாங்கில் 2003ல் தேசியப் பூங்கா அறிவிச்சாங்க. காட்டு வழியா நடந்தா ஒரு பக்கம் குரங்குக் கடற்கரை, அதையும் தாண்டினா 1883ல் கட்டின மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இன்னொரு பக்கம் பந்தாய் கெராச்சுட், அங்கே ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிற இடம் இருக்கு. ஒரே ஏரியில் அடியில் கடல் தண்ணியும் மேலே நல்ல தண்ணியும் கலக்காம நிற்கிற அதிசயமும் அங்கேதான். நடக்க முடியாத பெரியவங்களுக்குப் படகு இருக்கு. கொடிமலை, பூங்கா, இந்தக் காடு எல்லாத்தையும் சேர்த்து 2021ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சிருக்கு.

மாசி மகத்துக்கு அதே தெலுக் பாஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் தெப்பத்தில் கடலுக்குள்ள போறதைப் பார்க்காத குடும்பம் நம்ம கோயிலில் குறைவு. மக்கள் மிதக்க விடுற விளக்குகள் இருட்டில் ஒவ்வொண்ணா மேற்கே போகும். அந்தத் திசையிலிருந்துதான் துரைச்சாமியோட கப்பலும் வந்தது.

விடுமுறையின் முதல் ஞாயிறு, தேவார வகுப்புப் பிள்ளைகளோட தண்ணீர்மலை, பூங்கா நடை வெச்சிருக்கோம். காலை 6.30க்குக் கோயில் வாசலில் கூடுங்க. பெற்றோர் ஒருத்தராவது கூட வரணும். தண்ணி போத்தல், தொப்பி, மாத்து உடை கொண்டு வாங்க. காலைப் பசியாறலுக்கு இட்டிலியும் சாம்பாரும் கோயில் மகளிர் குழு ஏற்பாடு. பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மண்டபத்தில் என்னைப் பாருங்க.