ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள்

ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள் என்பவை 1916-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட சமூக, பொருளாதார ஆய்வுகள் ஆகும். ஒரு நாட்டில் உருவான ஆய்வுமுறையை வேறொரு நாட்டில் கையாளும்போது எவற்றை மாற்ற வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

பின்னணி

இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ வீடு வீடாகத் தகவல் திரட்டி, வறுமை பற்றிய நூலை 1901-இல் வெளியிட்டார். வாரக்கூலியைப் பணமாகப் பெற்ற தொழிலாளர்களே அங்கு மிகுதி. ஆக்சுபோர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியரானார். இங்கோ உழவுக்கூலி பெரும்பாலும் நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால், காணி போன்ற அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்த படியாளின் வருவாயை வாரக்கூலிக் கணக்கில் அடக்க முடியாது.

ஆய்வு நடந்த விதம்

ஸ்லேட்டர் வினாப்பட்டியலைக் கொடுத்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் ஆய்வுகள் 1918-இல் நூலாயின. மொழியும் வழக்கமும் அறிந்தவர்கள் கேட்டது இவற்றின் வலிமை. ஆயினும் கல்லூரிக் கல்வி அன்று பெரும்பாலும் நிலமுடைய, மேல்சாதிக் குடும்பங்களுக்கே எட்டியது. கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்பதையும் மனத்திற்கொண்டே இவற்றைப் படிக்க வேண்டும்.

மறு ஆய்வுகள்

பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு 1940-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கிராம ஆய்வு செய்திருந்த மார்கரெட் ஹாஸ்வெல் 1961-இல் இவ்வூர்களுக்கு வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் உள்ளிட்டோர் இப்பணியைத் தொடர்ந்தனர். இருவேல்பட்டில் 2008 வரையிலான மாற்றங்களை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2010-இல் எழுதினர்.

முக்கியத்துவம்

கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா உள்ளது. ஒரகடம், சேரப்பணஞ்சேரி வட்டாரத்திலும் வயல்களுக்கு அருகே பன்னாட்டுத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. தொழில் வந்ததால் யாருக்கு நிலம் போயிற்று, யாருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சொல்ல, முன்பு எடுத்த கணக்கு வேண்டும். அதே ஊரில், அந்த ஊருக்குப் பொருந்தும் கேள்விகளை மீண்டும் மீண்டும் கேட்பதே இவ்வாய்வுகள் காட்டும் வழி.