ஆங்கிலக் கூட்டு வினைகளும் டென்மார்க்கும்

ஆங்கில வகுப்புகளில் ‘ஃபிரேசல் வெர்ப்’ எனப்படும் கூட்டு வினை, ‘கிவ்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற சிறு வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற இடைச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தருவது. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் விட்டுவிடு. தமிழிலும் ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு.

இவ்வழக்கு ஆங்கிலத்தில் வேரூன்றியதில் டேனியர்களுக்குப் பங்கு உண்டு என்பது மொழி வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. 9ஆம் நூற்றாண்டில் டேனியர் உள்ளிட்ட வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அப்பகுதிக்கு டேன்லா என்று பெயர். 1016 முதல் 1035 வரை டேனிய அரசர் கனூட் இங்கிலாந்தை ஆண்டார். பழைய ஆங்கிலத்தில் இடைச்சொல் பெரும்பாலும் வினையின் முன்னே ஒட்டி நின்றது. ‘ஓவர்கம்’ அப்படி எஞ்சிய சொல். வந்தவர்களின் நார்ஸ் மொழியிலோ அது வினைக்குப் பின்னே தனித்து வந்தது. ‘டேக்’, ‘கெட்’, ‘கால்’, ‘காஸ்ட்’ ஆகிய வினைகளும் நார்ஸ் வழி வந்தவையே. கிழக்கு இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தில் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆண்டுக்குறிப்பில், மன்னர் ஸ்டீபன் பிஷப்புகளைச் சிறையில் அடைத்து, அவர்கள் தம் கோட்டைகளை ஒப்படைத்த பிறகே விட்டார் என்ற செய்தி உள்ளது. ‘ஒப்படைத்தார்கள்’ என்பதற்கு அங்கே நிற்பது ‘கிவ் அப்’பின் பழைய வடிவம். கோட்டையை ஒப்படைக்க வந்த அதே வினைதான் இன்று சிகரெட்டை விடவும் வருகிறது.

இன்றைய டேனிய மொழியிலும் ‘கிவ் அப்’புக்கு நேரான கூட்டு வினை அதே பொருளில் வழங்குகிறது. ஆனால் டேனியத்தில் செயப்படுபொருள் வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவில்தான் வர வேண்டும். ஆங்கிலம் இதில் தளர்வானது: ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் ‘டர்ன் இட் ஆஃப்’ என்றே சொல்ல வேண்டும். ‘டர்ன் ஆஃப் இட்’ பிழை. நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியவே பிரியாதவை: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றுதான் வரும்.

நவீன ஆங்கில இலக்கணத்தை மிக விரிவாக எழுதியவர்களில் ஒருவரும் டேனியரே. ராண்டர்ஸ் நகரில் பிறந்த ஓட்டோ யெஸ்பர்சன் (1860–1943), 1893 முதல் 1925 வரை கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். அவருடைய ‘எ மாடர்ன் இங்கிலீஷ் கிராமர்’ 1909இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1949இல் 7 தொகுதிகளாக நிறைவுற்றது. விதிக்கு ஏற்ப வாக்கியம் புனையாமல், படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச்சீட்டுகளில் திரட்டி, அவற்றிலிருந்து விதி கண்டார்; அதுவே அந்நூலின் பலம். 1924இல் வெளியான ‘த ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ நூலில், ‘ஆன்’, ‘இன்’ போன்றவற்றை ஓரிடத்தில் வினையடை, வேறோரிடத்தில் முன்னிடைச்சொல் என்று பிரிக்காமல், எல்லாவற்றையும் இடைச்சொல் என்ற ஒரே வகையில் அடக்கலாம் என வாதிட்டார்.

கற்பவர்களுக்கு அவர் வழியே ஏற்றது. புதிய கூட்டு வினை கண்ணில் பட்டால், பொருளை மட்டும் எழுதிக்கொள்ளாமல், அது வந்த வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதுங்கள்; பிரியும் வினையானால் ‘இட்’ சேர்த்து இன்னொரு வாக்கியமும் எழுதிவையுங்கள்.