பழைய பேச்சை மறுபடி கிளறலாமா?
ஃபிலிம் கேமரா ஆர்வலர் குழு ஒன்றில், 'கோடாக்ரோம் ரோலை எங்கே கழுவலாம்?' என்று 2009-ல் யாரோ கேட்டிருப்பார். அதற்கு இன்று 'சூப்பர், நானும் அனுப்புறேன்' என்று பதில் போட்டால் சிக்கல்தான். அதைக் கழுவிய கடைசி அமெரிக்க லேப், 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. உங்கள் பதிலை நம்பி ஒரு புதியவர் தாத்தாவின் ரோலைப் பார்சல் கட்டுவார்.

ஆனால் அதே ரோலைக் கருப்பு-வெள்ளையில் கழுவலாம், கலர்தான் வராது. இப்படிப் புதுசா சொல்ல விஷயம் இருந்தா, எத்தனை வருஷம் ஆனாலும் தாராளமா கிளறுங்க. 'இது பழைய கேள்வி, இப்போதைய நிலவரம் இது' என்று முதல் வரியிலேயே சொல்லிடுங்க. உங்க கேள்வி வேறன்னா தனியா கேளுங்க. அன்றைக்குத் தப்பாகச் சொன்னவரோடு இப்போ சண்டைக்குப் போறது மட்டும் வேண்டாம். பதில் சொல்ல அவர் இருக்கிறாரா என்பதே தெரியாது.