தேயிலை மலையில் தோட்டாவும் நச்சம்பும்

சுட்டுமுடிந்த பித்தளைக் கூட்டில் புதிதாக மருந்தும் ஈயக்குண்டும் இட்டு, மறுபடியும் தோட்டாவாக்கும் வித்தையை மேனாட்டார் பலர் பொழுதுபோக்காகவும் ஆபத்துக்கால ஆயத்தமாகவும் போற்றுகின்றனர். ஆனால், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய, மலாயாவின் கேமரன் மலைப் பிரதேசத்தில் அவ்வித்தை வேரூன்ற இயலாமற் போனதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுடப்பட்டு மாண்டதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. துரைமார் ஆயுதம் தரித்தனர். விசேஷக் காவலர் தோட்டங்களைக் காத்தனர். நிராயுதபாணிகளான தொழிலாளர் லயத்துத் தமிழ்க் குடும்பங்களோ கெரில்லாக்கள், அரசுப் படையினர் ஆகிய இரு தரப்பாருக்கும் அஞ்சி வாழ்ந்தன. அந்த அச்சமே, என் கருத்தில், அக்காலச் சரித்திரத்தின் பிரதான அத்தியாயம். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தபோதிலும், அதே ஆண்டில் எழுந்த ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அக்கடுமையைத் தளர்த்தவில்லை.

எனினும், தன் கையாலேயே எறிபொருளைச் சமைக்கும் கலை அம்மலையில் இல்லாமலில்லை. தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த செமாய்ப் பூர்வகுடியினர், மூங்கில் ஊதுகுழலுக்கு வேண்டிய மெல்லிய அம்புகளைப் பெர்த்தாம் பனையின் மட்டையிலிருந்து சீவி, காற்று கசியாதபடி அடியில் இலேசான நெட்டியைப் பொருத்தி, ஈப்போ மரத்தின் பாலை நெருப்பில் காய்ச்சி நுனியில் பூசுவர். இதயத்தை நிறுத்தவல்ல அந்நஞ்சு தங்கிய முனை, வேட்டையில் அடிபட்ட குரங்கு அம்பைப் பிடுங்கினாலும் உடலுக்குள்ளேயே முறிந்து நிற்கும்படி, நுனிக்கருகே சிறு வெட்டும் இடுவர்.